பெரிய பக்கத்துக்கு எதுக்குங்க 'ஹைப்போ'?

களத்துக்காரன், காங்கேயம்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கணக்கும் கட்டடமும் கலந்த கேள்வி இது. எங்கே போடுவதென்று தெரியாமல் சொல்லாராய்ச்சிப் பகுதியில் போட்டிருக்கிறேன். இடம் தப்பென்றால் மட்டுறுத்துநர் நகர்த்திவிடட்டும்.

நான் காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கிறேன். காய் உடைத்துப் பருப்பைக் காயப் போட்டுவிட்டு, மேகம் வருகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிற பிழைப்பு. களத்தை ஒட்டின தோட்டத்தில் இப்போது வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறோம். போன சனிக்கிழமை கொத்தனார் வந்து நூல் பிடித்தார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் எங்கள் பாப்பாவும் கூடவே வந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள், இங்கிலீஷ் மீடியம்.

கொத்தனார் முளைக்குச்சி அடித்தார், நைலான் நூலைக் கட்டினார். ஒரு மூலையில் இருந்து இந்தப் பக்கம் 9 அடிக்கு ஒரு குறி, அந்தப் பக்கம் 12 அடிக்கு ஒரு குறி. அப்புறம் டேப்பின் முனையைப் பாப்பா கையில் கொடுத்து, "இழுத்துப் புடி கண்ணு, தொய்ய உடாதே" என்றார். இரண்டு குறிக்கும் நடுவே குறுக்காக அளந்தால் 15 அடி வர வேண்டும். வந்தது 15 அடி 2 அங்குலம். "மூலை விரிஞ்சு கிடக்குது" என்று சொல்லி ஒரு முளையைப் பிடுங்கி உள்ளே தள்ளி அடித்தார். ரெண்டு அங்குலத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்டேன். "இங்க ரெண்டங்குலம்னா அந்தக் கோடிக்குப் போறப்ப எட்டாயிருமுங்க" என்றார். ராத்திரி செல்போனில் போட்டுப் பார்த்தேன். 30 அடிச் சுவருக்கு 8 அங்குலத்துக்கு மேலேதான் வருகிறது. மனுசன் எழுதிப் பார்க்காமல் சொன்னது.

கேள்வி அதுவல்ல. டேப்பைப் பிடித்துக்கொண்டே பாப்பா கேட்டாள்: "அப்பா, ஹைப்பர்னா அதிகம், ஹைப்போனா கம்மி. அம்மாயிக்குச் சுகர் எறங்குனா ஹைப்போ ஆயிருச்சுன்னுதான டாக்டர் சொல்றாரு? முக்கோணத்துல இதுதான் இருக்கறதுலயே பெரிய சைடு. அப்பறம் எதுக்கு இதுக்குப் போயி ஹைப்போட்டனூஸ்னு பேரு வச்சாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டாவது வரை கணக்கு படித்தவன், ஒரு நாள்கூட இது தோன்றவில்லை. நெட்டில் தேடினால், 'ஹைப்போ' என்றால் கீழே, 'டெனூஸ்' என்றால் பக்கம் என்று ஒரு இடத்தில் போட்டிருக்கிறது. நம்பிக்கை வரவில்லை. கொத்தனார் போட்ட குறுக்கு நூல் எதற்கும் கீழே இல்லையே, மூன்று நூலும் ஒரே மட்டத்தில்தானே கிடந்தன?

இன்னொன்று. தமிழில் இதைக் கர்ணம் என்கிறோம். எங்கள் அப்பாரு கர்ணம் என்று சொன்னால் ஊர்க் கணக்குப்பிள்ளையைச் சொல்லுவார். கூத்தில் வருகிறவன் கர்ணன். பசங்கள் அடிப்பது குட்டிக்கரணம். இதில் எதோடு சேர்த்தி நம்ம முக்கோணத்துக் கர்ணம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாப்பா தினமும் கேட்கிறாள்.

---

ஓய்ந்த வாத்தியார், கோபி:

தம்பி, முதலில் உங்கள் மகளுக்கு என் ஆசீர்வாதம். கோபி பக்கத்தில் முப்பது வருசம் கணக்கு நடத்தினேன். இதே கேள்வியை ஒரு பையன் கேட்டான். "பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன். அந்தப் பாவத்துக்குத்தான் ஓய்வு பெற்ற பிறகு இதையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நெட்டில் பார்த்ததில் பாதி சரி. ஹைப்போ என்றால் 'கீழே'. சந்தேகமே இல்லை. சுகர் இறங்கினால் சொல்லும் ஹைப்போவும் அதேதான், இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே. ஆனால் 'டெனூஸ்' என்றால் பக்கம் என்பது யாரோ அடித்துவிட்டது. கிரேக்கத்தில் முக்கோணத்தின் பக்கத்துக்குச் சொல் 'பிளூரா'. விலாவுக்கும் அதே சொல்தான். நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறைக்கு டாக்டர்கள் பிளூரா என்று சொல்வது இதிலிருந்து வந்ததுதான்.

டெனூஸ் வந்த வழி வேறு. 'டெய்னெய்ன்' என்று ஒரு வினை. பொருள் இழு, விறைப்பாக நீட்டு. அதோடு ஹைப்போ சேர்ந்து 'ஹைப்போடெய்னூசா'. நம்ம இலக்கணப்படி சொன்னால் வினையாலணையும் பெயர்: கீழே நீண்டு கிடப்பவள். 'பவள்' என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். பிளூரா கிரேக்கத்தில் பெண்பால், அதனால் இதுவும் பெண்பால். அது லத்தீனில் 'ஹைப்போடெனூசா' ஆகி, அங்கிருந்து இங்கிலீஷில் வால் தேய்ந்து ஹைப்பாட்டனூஸ் ஆனது.

இப்போது உங்கள் பாப்பாவின் கேள்வி. எதற்குக் கீழே? கி.மு. 300 வாக்கில் இருந்த கிரேக்கக் கணித மேதை யூக்ளிட், பிதாகரஸ் தேற்றத்தைத் தன் வடிவக்கணித நூலில், முதல் புத்தகத்தின் 47-வது கூற்றாக வைத்திருக்கிறார். அதில் ஒற்றைச் சொல்லாக அவர் இதைச் சொல்லவே இல்லை. 'செங்கோணத்துக்குக் கீழே நீண்டு கிடக்கும் பக்கம்' என்று முழுசாகச் சொல்கிறார். ஆக, கீழே என்பது கோணத்துக்குக் கீழே. அளவில் கம்மி என்கிற பேச்சே இல்லை. அந்தக் கூற்றுக்கு வழக்கமாகப் போடும் படத்தைப் பாருங்கள்: செங்கோணம் உச்சியில், நீளப் பக்கம் அடியில் படுத்த வாக்கில், அதற்கும் கீழே பெரிய சதுரம். நாங்கள் கரும்பலகையில் போடுவது எப்படி? செங்கோணத்தை இடது கீழ் மூலையில் தள்ளிவிட்டு, கர்ணத்தைச் சாய்த்து மேலே ஏற்றி வைப்போம். நோட்டைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள், சொல்லும் படமும் ஒன்றாகிவிடும்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. யூக்ளிட்டுக்கு இந்த வினை செங்கோணத்தின் தனிச்சொத்து இல்லை. எந்த முக்கோணத்திலும் பெரிய கோணத்துக்குக் கீழே நீள்வது பெரிய பக்கம் என்று அதே முதல் புத்தகத்தில் 19-வதாக ஒரு கூற்று இருக்கிறது. அங்கேயும் இதே வினைதான். ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு 'கீழே கிடப்பவள்' உண்டு. பிற்பாடு வந்தவர்கள் செங்கோணத்துக்காரிக்கு மட்டும் பட்டம் கட்டிவிட்டார்கள். மற்ற இருவரும் வெறும் பக்கமாக நின்றுவிட்டார்கள்.

லத்தீன்காரர்கள் அந்த வினையை அப்படியே பெயர்த்து 'சப்டெண்டு' ஆக்கினார்கள். சப் என்றால் கீழ், டெண்டு என்றால் நீட்டு. அதைத் தமிழ்ப் பாடநூலில் எப்படிச் சொல்கிறோம்? "நாண் மையத்தில் தாங்கும் கோணம்." தாங்கும்! கீழே இருப்பதுதானே தாங்கும்? மொழிபெயர்த்த புண்ணியவான் யாரோ, கிரேக்கத்தில் இருந்த 'கீழே'யைக் கீழே போடாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். வருசா வருசம் இந்த வரியைப் பிள்ளைகளை ஒப்பிக்க வைத்தவன் நான். இப்போதுதான் அது கண்ணில் படுகிறது.

இங்கிலீஷ்காரர்களும் இந்தச் சொல்லில் தடுக்கி விழுந்தவர்கள்தான். யூக்ளிட் முழுசாக இங்கிலீஷில் முதலில் அச்சானது 1570-ல். அப்புறம் வெகுகாலம் பலர் நடுவில் ஒரு 'எச்' நுழைத்து 'ஹைப்போத்தனூஸ்' என்றே எழுதினார்கள். ஹைப்போதீசிஸ் மாதிரி இருக்கும் என்று நினைத்திருப்பார்கள் போல. அதனால் உங்கள் மகள் பரீட்சையில் அந்த ஸ்பெல்லிங்கைத் தப்பாக எழுதினால் ரொம்பத் திட்டாதீர்கள்.

கர்ணம் பற்றிக் கொஞ்சம் பொறுங்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன்.

---

பொள்ளாச்சி சிஸ்டர்:

வாத்தியாரய்யா சொன்ன பிளூராவை எங்கள் வார்டில் தினமும் சொல்கிறோம். அதில் நீர் கோத்தால் எடுக்க விலா எலும்புகளுக்கு நடுவேதான் ஊசி போகும். அது முக்கோணத்தின் பக்கத்துக்கும் பேரென்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அய்யா, அந்த 'டெய்னெய்ன்' என்பதும் டெட்டனஸும் ஒன்றுதானே? டெட்டனஸ் கிரேக்கத்தில் 'விறைப்பாக இழுபட்டது' என்று படிக்கும்போது சொல்லிக் கொடுத்தார்கள். ரணஜன்னி வந்தவர்களுக்கு முதலில் தாடை பூட்டிக்கொள்ளும், அப்புறம் முதுகு வில் மாதிரி வளைந்துவிடும். சதை எல்லாம் ஒரே இழுப்பாக இழுத்துக்கொள்வதால் அப்படி. ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

களத்துக்கார அண்ணா, கட்டட வேலை நடக்கிற இடம். பாப்பா காலில் செருப்பு இல்லாமல் நிற்க வேண்டாம். ஆணி குத்தினால் அன்றைக்கே ஊசி போட்டுவிடுங்கள். கர்ணத்தின் அர்த்தம் ஆஸ்பத்திரியில் வந்துதான் தெரிய வேண்டும் என்றில்லை.

---

ஓய்ந்த வாத்தியார், கோபி:

அம்மிணி சொன்னது சரி. டெட்டனஸ் அதே வினையின் பிள்ளைதான். அதோடு நிற்கவில்லை. லத்தீனில் 'டெண்டெரே' என்று இதற்கு ஒரு தங்கச்சி உண்டு. அதன் பிள்ளைகள் எல்லாம் நம்ம ஊரில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். டென்ஷன், டென்ட், ரோடு போடுகிறவர் எடுக்கும் டெண்டர் (கையை நீட்டிக் கொடுப்பது என்கிற பொருளில் வந்தது) எல்லாமே அவள் வயிற்றில் பிறந்தவை. சமஸ்கிருதத்தில் இதே குடும்பத்து வேர் 'தன்', அதற்கும் இழு, நீட்டு என்றுதான் பொருள். அதில் பிறந்தது 'தந்து', அதாவது நூல். 'தந்த்ரீ' என்றால் வீணைக் கம்பி, அதுதான் தமிழில் தந்தி. கம்பி வழியாகச் சேதி வந்தபோது அதற்கும் தந்தி என்றே பேர் விழுந்தது. 2013 ஜூலையில் அரசாங்கம் தந்திச் சேவையை நிறுத்திவிட்டது. பேப்பர் பேரில் மட்டும் உயிரோடு இருக்கிறது. ஆகத் தந்தியும் ஹைப்பாட்டனூஸும் ஒன்றுவிட்ட பங்காளிகள். என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியிருந்தால் நாலு பேராவது தூங்காமல் இருந்திருப்பார்கள்.

இப்போது கர்ணம். ஊர்க் கர்ணத்தை முதலில் வெளியே அனுப்பிவிடுவோம். அது 'கரணம்' என்ற சொல்லில் இருந்து வந்தது. செய்வது, செய்து முடித்த பத்திரம், அதை எழுதுகிறவர் என்று போகும் வழி. 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மணியகாரர், கர்ணம் பதவிகளை எடுத்துவிட்டு வி.ஏ.ஓ. கொண்டுவந்தது உங்கள் அப்பாருக்குத் தெரிந்திருக்கும். குட்டிக்கரணமும் அந்த வழியே.

முக்கோணத்துக் கர்ணம் காதுக்கு உறவு. 'கர்ண' என்றால் சமஸ்கிருதத்தில் காது. குண்டலக்காரன் கர்ணனும் இந்தப் பக்கம்தான். ஆரியபடர் 499-ல், 23 வயதில், பிதாகரஸ் தேற்றத்தை அரை சுலோகத்தில் சொல்லிவிடுகிறார்: புஜத்தின் வர்க்கமும் கோடியின் வர்க்கமும் சேர்ந்தால் கர்ணத்தின் வர்க்கம். புஜம் என்றால் கை, கோடி என்றால் வில்லின் முனை, கர்ணம் என்றால் காது. ஒரு முக்கோணத்துக்குள் ஒரு வில்லாளியே நிற்கிறான் பாருங்கள்.

ஆரியபடருக்கும் முந்திய சுல்ப சூத்திரங்களில் இதற்குப் பேர் காது இல்லை. அங்கே அது 'குறுக்குக் கயிறு'. சுல்பம் என்றாலே கயிறுதான். யாககுண்டத்துக்குச் செங்கல் அடுக்க முளை அடித்துக் கயிறு பிடித்தவர்கள் எழுதி வைத்தது. உங்கள் கொத்தனார் சனிக்கிழமை செய்த அதே வேலை.

---

தமிழன்டா கொங்கு:

கிரேக்கம் சமஸ்கிருதம் எல்லாம் சரி, தமிழன் எங்கே போனான்? வர்க்கம், வர்க்கமூலம் எதுவுமே இல்லாமல் கர்ணம் கண்டுபிடிக்கத் தமிழில் பாட்டே இருக்கிறது. நீளமான பக்கத்தை எட்டாக்கி ஒன்றைத் தள்ளு, மிச்சத்தோடு சின்னப் பக்கத்தில் பாதியைச் சேர், அதுதான் கர்ணம். 4, 3 போட்டுப் பாருங்கள்: மூன்றரையும் ஒன்றரையும் அஞ்சு. 12, 5 போடுங்கள்: பத்தரையும் ரெண்டரையும் பதிமூணு. பிதாகரஸ் எதுக்கு? எல்லாரும் பகிருங்கள்.

---

களத்துக்காரன், காங்கேயம்:

தம்பி, இந்தப் பாட்டு எங்கள் சொந்தக்காரர் குரூப்பிலேயே மாசம் ரெண்டு தடவை வருகிறது. வருகிறவரைக்கும் நானும் 'சூப்பர்' போட்டுக்கொண்டுதான் இருந்தேன். இந்தத் தடவை நூல் கையில் இருந்ததால் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

சமையல்கட்டு 12-க்கு 10. பாட்டுப்படி பத்தரையும் அஞ்சும் சேர்ந்து பதினஞ்சரை அடி. டேப் வைத்தால் 15 அடி 7 அங்குலம், அதற்கு மேலே மூணரை நூல். கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் தள்ளிப்போய்விட்டது. (வெளியூர்க்காரர்களுக்கு: அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். கொத்தனாரும் ஆசாரியும் இன்றைக்கும் நூலில்தான் பேசுகிறார்கள்.) சாமி ரூம் மாதிரிச் சதுரமாக 10-க்கு 10 போட்டால் இன்னும் மோசம். பாட்டு 13 அடி 9 அங்குலம் என்கிறது, உள்ளது 14 அடி 1 அங்குலத்துக்கும் மேலே. அஞ்சு அங்குலம் போச்சு. என் கொத்தனார் ரெண்டு அங்குலத்துக்கே முளையைப் பிடுங்கின ஆள். இதைச் சொன்னால் கரணையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

ஆனால் ஒன்று, அது கெட்ட கணக்கு என்று சொல்ல மாட்டேன். கூரைக்கு மூங்கில் எத்தனை அடி வாங்குவது, கயிறு எவ்வளவு வேண்டும் என்று சந்தையில் நின்றுகொண்டு வாயாலேயே கணக்குப் போட இது போதும். மூலை மட்டம் பார்க்கத்தான் ஆகாது.

---

ஓய்ந்த வாத்தியார், கோபி:

அருமை. நான் எழுத வந்ததை நீங்கள் டேப்போடு எழுதிவிட்டீர்கள்.

யார் முதலில் என்ற பந்தயத்தில் கிரேக்கரும் ஜெயிக்க முடியாது, தமிழன்டா தம்பியும் ஜெயிக்க முடியாது. 3, 4, 5 மாதிரி இந்தக் கணக்குக்கு ஒத்துவரும் எண்களைப் பாபிலோனியர்கள் வரிசையாகப் பொறித்த களிமண் பலகை ஒன்று நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பிளிம்டன் 322 என்று பேர். கி.மு. 1800 வாக்கில் எழுதியது. பிதாகரஸுக்கு ஆயிரத்துச் சொச்சம் வருசம் முந்தியது. இன்னொன்றையும் சேர்த்து உடைத்துவிடுகிறேன். எகிப்தியர்கள் பன்னிரண்டு முடிச்சுப் போட்ட கயிற்றில் 3, 4, 5 பிடித்துப் பிரமிடு கட்டினார்கள் என்று நானே வகுப்பில் கதை சொல்லியிருக்கிறேன். கயிறு பிடிக்கிற ஆட்கள் அங்கே இருந்தது உண்மை. ஆனால் அந்த 3, 4, 5 முடிச்சு, மோரிட்ஸ் கான்டோர் என்ற ஜெர்மன் கணித வரலாற்றாசிரியர் 19-ம் நூற்றாண்டில் 'இப்படி இருந்திருக்கலாம்' என்று எழுதியது. 'இருந்திருக்கலாம்' வகுப்பறைக்கு வந்து சேருவதற்குள் 'இருந்தது' ஆகிவிட்டது.

---

குழித்தறி, சென்னிமலை:

படித்துக்கொண்டே வந்தேன், நடுவில் பேச வேண்டாம் என்று இருந்தேன். ஆனால் 'இழுப்பது' என்று வந்தபிறகு தறிக்காரன் சும்மா இருக்க முடியாதுங்க.

வாத்தியாரே, 'தன்' என்கிற வேரில் இருந்து நூல் வந்தது, தந்தி வந்தது என்றீர்கள். தறிக்கும் அதிலேயே ஒரு பேர் இருக்கிறதா என்று எங்கள் மகன் தேடிப் பார்த்துச் சொன்னான்: 'தந்த்ர' என்றால் சமஸ்கிருதத்தில் தறியாம். சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். தறி என்பதே இழுவைதான். நாடா ஓடுவதும் விழுது ஏறி இறங்குவதும் எல்லாருக்கும் கண்ணில் படும். பாவு, அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டின இழைகள், விறைப்பாக இல்லையென்றால் அது எதுவும் நடக்காது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது விடியக் கருக்கலில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி போடுவார்கள். அந்தக் கோடியில் ரெண்டு ஆள், இந்தக் கோடியில் கட்டை. பொழுது ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். வெயில் வந்தால் கஞ்சி மொடமொடவென்று காய்ந்து இழை அறும். எங்களுக்கு ஒரே விளையாட்டு அதற்கு அடியில் பூந்து ஓடுவது. ஒரு தடவை என் தலை பட்டு நாலு இழை அறுந்தது. எங்கள் அய்யன் அடிக்கவில்லை. நாலு இழையையும் என்னையே முடிய வைத்தார். பிடித்து முறுக்கி முடிந்து முடிப்பதற்குள் பொழுது கிளம்பிவிட்டது. அதற்கு அடியே தேவலாம்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், பாவைப் பார்த்தவனுக்கு இந்தக் கிரேக்கச் சொல் ஒரு நொடியில் புரியும். அது பாட்டுக்குக் கிடக்கிற கோடு இல்லை, ரெண்டு கோடியிலும் பிடித்து இழுத்து வைத்திருக்கிற இழை. முக்கோணத்தில் செங்கோணத்தின் ரெண்டு கையும் ரெண்டு கட்டை. அந்தக் கட்டைகளின் நுனிக்கு நடுவே கட்டின இழைதான் நீங்கள் சொல்கிற ஆள். கைகளை விரித்தால் இழை நீள வேண்டும், சுருக்கினால் தொய்யும். கொத்தனார் 15 அடி 2 அங்குலம் வந்ததும் 'மூலை விரிஞ்சு கிடக்குது' என்றாரே, அதைத்தான் சொன்னார். அவர் மூலையைப் பார்க்கவே இல்லை, இழையைப் பார்த்து மூலையைச் சொன்னார்.

---

ஓய்ந்த வாத்தியார், கோபி:

குழித்தறி அய்யா, நீங்கள் சொன்னது அப்படியே யூக்ளிட்டின் 24-வது கூற்று. ரெண்டு கைகளின் நீளம் மாறாமல் கோணத்தை மட்டும் விரித்தால் எதிரே இருக்கும் பக்கம் நீளும். இங்கிலீஷில் கதவுக் கீல் தேற்றம் என்று செல்லப்பேர். கீலைவிட உங்கள் பாவு நன்றாக இருக்கிறது.

---

கரூர் டு துபாய்:

சின்னத் தகவல். என்னோடு வேலை செய்கிற யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் கர்ணம் என்றால் புரியாமல் விழிக்கிறார். அவர்கள் பாடப் புத்தகத்தில் 'செம்பக்கம்' என்றுதான் இருக்கிறதாம். முக்கோணத்துக்கு முக்கோணி. செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் பக்கம் செம்பக்கம், பார்த்தவுடனே விளங்குகிறது. காதும் வேண்டாம் கிரேக்கமும் வேண்டாம். நமக்கு இது ஏன் தோன்றவில்லை?

---

தமிழன்டா கொங்கு:

செம்பக்கம் செம. நான் இனிமேல் அதையே சொல்லப்போகிறேன். பாட்டைப் பற்றி அண்ணன் சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டு ஹாலை அளந்தேன், மூணு அங்குலம் இடித்தது.

---

களத்துக்காரன், காங்கேயம்:

எல்லாருக்கும் நன்றிங்க. பதில் எல்லாவற்றையும் பாப்பாவிடம் படித்துக் காட்டினேன். நோட்டைத் திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஓ, கீழ படுத்திருக்குது" என்றாள். அவ்வளவுதான். ரெண்டு நாளாக நானும் நீங்களும் பேசினது அவளுக்கு மூணு வார்த்தையில் முடிந்துவிட்டது. செம்பக்கம் பிடித்திருக்கிறது, ஆனால் பரீட்சையில் எழுதினால் மார்க் போடுவார்களா என்று கேட்கிறாள். வாத்தியாரய்யா, நீங்கள் திருத்தினால் போடுவீர்களா?

எனக்குப் புரிந்தது வேறு ஒரு இடத்தில். நேற்று பழைய களத்துக் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தான். அவன் கொண்டுவந்தது ரெண்டு ஏணியை உச்சியில் சேர்த்துக் கட்டின மாதிரி இருக்குமே, அந்தக் கவட்டு ஏணி. காலை விரித்து நிறுத்தினான். ரெண்டு காலுக்கும் நடுவில், அடியில், ஒரு தேங்காய்நார்க் கயிறு கட்டியிருந்தான். ஏணி விரிய விரியக் கயிறு விறைத்துக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் டக்கென்று நின்றது. அவன் மேலே ஏறின பிறகு அந்தக் கயிற்றை விரலால் சுண்டிப் பார்த்தேன். தந்தி மாதிரியே விண்ணென்றது. உச்சியில் கோணம், கீழே இழுபட்டுக் கிடப்பவள். அவள் இல்லாவிட்டால் கால் வழுக்கி ஆள் கீழே. வாத்தியார் சொன்ன 'தாங்கும்' என்பதும் அங்கேயே வந்து உட்கார்ந்துகொண்டது. உச்சி தொண்ணூறு டிகிரி இருக்காது, அது தெரியும். யூக்ளிட்டே எல்லாக் கோணத்துக்கும் அதே சொல்லைத்தானே போட்டார், அதனால் தப்பில்லை என்று வைத்துக்கொண்டேன்.

கொத்தனாரிடமும் கேட்டேன், அந்தப் 15 அடி நூலுக்கு நீங்கள் என்ன பேர் சொல்லுவீர்கள் என்று. "குறுக்குங்க" என்றார். குறுக்குக் கயிறு என்று சுல்ப சூத்திரத்துக்காரர்கள் சொன்னதாக வாத்தியாரய்யா எழுதியிருந்ததைச் சொன்னேன். "அவிங்களும் வீடு கட்டுனவிங்களா?" என்றார். யாககுண்டம் என்றேன். "செங்கல்லுதான?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நாளைக்கு வெள்ளென வானம் (அஸ்திவாரக் குழி) பறிக்க ஆள் வருகிறது. நூலைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துப் போடுகிறேன்.

---

குழித்தறி, சென்னிமலை:

போடுங்க. மூலை போட்டோவுக்கு மேல் பக்கம் வருகிற மாதிரி, அந்தப் பக்கமாகப் போய் நின்று எடுங்க. அப்போதுதான் குறுக்கு கீழே தெரியும்.

---

ஓய்ந்த வாத்தியார், கோபி:

செம்பக்கத்துக்கு முழு மார்க். அடைப்புக்குறிக்குள் கர்ணம் என்றும் எழுதிவிடச் சொல்லுங்கள். திருத்துகிறவர் நானாக இருக்க மாட்டேன்.